மனுஷ வாசனைக்கு ஒரு பத்தி

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. என் இரண்டு கண்கள் மேல் ஆணை. புரை எடுத்துப் புதிதாகத் தெளிந்திருக்கிற இடது கண் மேல் தனியாக இன்னொரு ஆணை. பொய்யாக இருந்தால் இதைவிட நம்பும்படியாகச் சொல்லியிருப்பேன்.

ஒரு வாரப் பத்திரிகையில் பணக்காரர்களைப் பற்றி எழுதுவதுதான் என் உத்தியோகம். இரண்டு பஸ் மாறிப் போய், நடந்தால் களைத்துப்போகிற அளவு நீளமான தோட்டத்தைத் தாண்டி, அவர்கள் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றுவேன். சாக்ஸில் ஓட்டை இருக்கும். அது தெரியாமலிருக்கப் பெருவிரலை மடக்கிக்கொண்டே மணிக்கணக்கில் பேட்டி எடுப்பேன். அந்த விரல் இன்றைக்கும் நேராகவில்லை.

பணக்காரர்களிடம் ஒரு கஷ்டம் உண்டு. அவர்களைப் பற்றி எழுத ஒன்றும் இருக்காது. சொத்து இருக்கும், சொல்ல ஒன்றும் இருக்காது. "வாழ்க்கையில மறக்க முடியாத விஷயம் என்ன சார்?" என்று கேட்டால் யோசித்துவிட்டு ஏதாவது ஒரு தொழிற்சாலையின் பெயரைச் சொல்வார்கள். எங்கள் ஆசிரியரோ ஒவ்வொரு கட்டுரையையும் கையில் தூக்கி முகர்ந்து பார்ப்பார். நிஜமாகவே மூக்குக்குக் கொண்டுபோவார். "யோவ், மனுஷ வாசனை எங்கய்யா? படிக்கிறவன் வயிறு எரியுமே தவிர மனசு இளகாது. கடைசியில ஒரு பத்தி சேர்த்துக் கொண்டா."

"அந்த ஆளுகிட்ட அப்படி எதுவும் இல்லையே சார்."

"உன்கிட்ட இருக்குல்ல? கோடீஸ்வரன் எவனும் தன்னைப் பத்தி நல்லதா எழுதினா மறுக்க மாட்டான்."

அப்படித்தான் சிமெண்ட் முதலாளிக்கு என் பாட்டைக் கொடுத்தேன். சவரம் செய்யும்போது நான் ஒரு பழைய பாட்டை முணுமுணுப்பேன். இரண்டாவது வரி மறந்துபோய் அந்த இடத்தில் 'தன்னன்னா' போட்டுச் சமாளிப்பேன். சிமெண்ட் முதலாளி தினமும் காலையில் அப்படித்தான் செய்கிறார் என்று எழுதினேன். பத்திரிகை வெளிவந்த காலையில் முகத்தில் நுரையோடு நிற்கிறேன், பாட்டு வரவில்லை. முதல் வரியும் இல்லை, தன்னன்னாவும் இல்லை. என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இன்னைக்குக் கச்சேரியக் காணோம்?" ஒரு விழாவில் அந்த முதலாளியை மறுபடி பார்த்தபோது அவர் கை கழுவிக்கொண்டே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வரியில் தன்னன்னா.

நான் பயந்தேன். என் மனைவி பயப்படவில்லை. அவள்தான் என் கட்டுரைகளின் முதல் வாசகி. பிழை திருத்துகிற பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு, பிறகு வீடெல்லாம் அதைத் தேடுகிறவள். விஷயத்தைக் கேட்டதும் நிதானமாக யோசித்தாள். "அப்போ நம்ம ஃபேன் போடுற சத்தத்தையும் யாருக்காவது எழுதிக் குடுங்களேன்." கொடுத்தேன். 'இத்தனை செல்வத்திலும் அந்தக் காலத்து மின்விசிறியின் கீச்சொலியில்தான் இவருக்குத் தூக்கம் வருகிறது' என்று ஒரு வங்கி முதலாளியைப் பற்றி எழுதினேன். எங்கள் ஃபேன் அன்றோடு வாயை மூடிக்கொண்டது. எண்ணெய்ச் செலவு மிச்சம். அடுத்து அவளுடைய முட்டி வலியைப் பெயிண்ட் கம்பெனிக்காரருக்கு எழுதினேன். அவர் ஊன்றுகோல் வாங்கினார். இவள் மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறினாள்.

இப்படியே நிறுத்தியிருக்கலாம். கப்பல்காரர் வந்து சேர்ந்தார்.

எதைக் கேட்டாலும் "அப்படியும் சொல்லலாம்" என்று மட்டும் பதில் சொல்கிற மனிதர். அச்சுக்குப் போகிற அவசரத்தில், ஆசிரியர் மூக்கோடு தலைமாட்டில் நிற்க, கைக்கு வந்ததை எழுதினேன். கப்பல்காரரின் மனைவி சிரிக்கும் விதம். முதலில் சத்தமே வராது, தோள்கள் மட்டும் குலுங்கும். பக்கத்தில் இருப்பதைப் பிடித்துக்கொள்வாள். குக்கர் விசில் வருவதற்கு முன் ஒரு இழுப்பு இழுக்குமே, அது கடைசியில் வரும். எழுதும்போது யாருடைய சிரிப்பு என்று நினைத்துப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்தது அந்த ஒரு சிரிப்புதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் புகைப்படக்காரன் வீட்டுக்கு வந்து, ஒரு நகைக்கடைக்காரர் படத்துக்காக வயிற்றை உள்ளிழுத்துப் பட்டன் தெறித்த கதையைச் சொன்னான். என் மனைவியின் வாய் திறந்தது. தோள் அசைந்தது. கை நீண்டு ஃபிரிட்ஜைப் பிடித்தது. அப்படியே நின்றாள். ஒன்றும் வரவில்லை. புகைப்படக்காரன் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டான்.

"சிரிப்பு வர்ற இடத்துல கதவு இருக்குங்க," என்றாள். "திறந்தா வெறும் சுவரு." பிறகு என் பக்கம் திரும்பி, "வலி போனது சரி. இதைப் போய்க் கேட்டு வாங்கிட்டு வாங்க. இது எங்கம்மாகிட்டருந்து வந்தது."

போனேன். கப்பல்காரர் வீட்டுத் தரை கண்ணாடி மாதிரி. அதில் என் உருவம் எனக்குக் கொஞ்சம் பின்தங்கி நடந்து வந்தது. நான் நின்ற பிறகும் அது ஒரு எட்டு வைத்தது. சோபாவில் உட்கார்ந்து விரலை மடக்கிக்கொண்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அந்தச் சத்தம் வந்தது. குக்கரின் இழுப்பு. என் வீட்டுச் சத்தம், வேறொரு தொண்டையில். திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, கப்பல்காரரின் வயதான மனைவி நின்றிருந்தார். வேலைக்காரி ஏதோ சொல்லியிருக்கிறாள்.

கப்பல்காரர் நான் எதற்கு வந்தேன் என்று கேட்கவே இல்லை. "அச்சுல வந்துடுச்சு தம்பி. அச்சுல வந்தது எங்களுது," என்றார்.

"அது என் வீட்டுக்காரியோடதுங்க."

"அப்படியும் சொல்லலாம்."

அந்த அம்மாள் வாசல் வரை என் பின்னால் வந்தார். மெல்லிய குரலில், "இந்த வீட்டுக்கு வாழ வந்து நான் சிரிச்சதே இல்ல தம்பி. எடுத்துட்டுப் போயிடாதீங்க," என்றார். எனக்கு ஷூவின் நாடா அகப்படவில்லை. கப்பல்காரர் உள்ளேயிருந்தே குரல் கொடுத்தார். "அடுத்து என் தம்பியப் பத்தி எழுதப் போறீங்களாமே. பாவம், தனிக்கட்டை. அவ்வளவு பெரிய வீடு வெறிச்சோடிக் கிடக்கு. நல்லா எழுதுங்க. வீடு நிறையற மாதிரி."

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். தம்பி விஷயத்தைச் சொல்லவில்லை. என் மனைவி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சிரிக்கும்போது எதைப் பிடிச்சுக்கறாங்க?" என்றாள்.

"திரைச்சீலைய."

"கிழிஞ்சிடும். சுவத்தப் பிடிச்சுக்கச் சொல்லுங்க." பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு பால்கனியில் போய் நின்றாள்.

கப்பல்காரரின் தம்பியைப் பற்றி என் வாழ்நாளிலேயே வறண்ட கட்டுரையை எழுதினேன். பிரம்மச்சாரி என்று முதல் வரியிலேயே போட்டேன். அதன் பிறகு துறைமுகம், பங்கு, வரி, சரக்கின் எடை. ஒரு பூனைக்குட்டி நுழையக்கூட இடம் வைக்கவில்லை. ஆசிரியர் முகர்ந்து பார்த்தார், முகம் சுளித்தார்.

"இதுல ஒண்ணுமே இல்லையேய்யா."

"அவருக்கு எதுவும் கிடையாது சார். என்கிட்டயும் இனிமே கிடையாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வழக்கமான வசவு வரவில்லை. "உடம்பு சரியில்லையா? சரி, வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்." எனக்கிருந்த நிம்மதியில், அவர் என்ன பார்த்துக்கொள்ளப் போகிறார் என்று கேட்கத் தோன்றவில்லை. போன மாதம் அவர் என் வீட்டுக்குக் காப்பி குடிக்க வந்திருந்ததும் ஞாபகம் வரவில்லை. எல்லாம் சாப்பிட்டுவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, "உன் வீட்டுல நல்லா இருக்குய்யா, என்னன்னுதான் தெரியல" என்று மூக்கை உறிஞ்சிவிட்டுப் போன மனிதர் அவர்.

பத்திரிகையைப் பஸ் நிறுத்தத்துக் கடையில்தான் பார்த்தேன். பிரம்மச்சாரி என்ற வார்த்தையை அடித்துவிட்டிருந்தார். கடைசிப் பத்தி என்னுடையதல்ல. 'ஊருக்கு அறிவிக்காமல் மணந்த மனைவி பால்கனியில் நிற்கிறார். கொண்டையில் ஒரு பென்சில். அவர் சிரிப்பதில்லை. ஆனால் அவர் நின்றாலே அந்தப் பெரிய வீடு நிறைந்துவிடுகிறது.' நன்றாகத்தான் எழுதியிருந்தார். என்னைவிட நன்றாக.

ஓடினேன். பட்டப்பகல். கதவு திறந்தே இருந்தது. ஃபேன் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. மேஜைமேல் ஒரு டம்ளர் காப்பி, ஆவி பறக்க. எப்போதும் இரண்டு இருக்கும். நான் கூப்பிட வாயைத் திறந்தேன். என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை.

கப்பல்காரரின் தம்பி வீட்டு வழியாக இப்போதும் பஸ் போகிறது. ஜன்னலோரம் உட்காருவேன். பால்கனியில் ஒரு பெண் நிற்பாள், தலையைத் தடவி எதையோ தேடிக்கொண்டு. கொண்டையிலதான் இருக்கு என்று கத்த வேண்டும்போல இருக்கும். ஒரு தடவை பஸ் சிக்னலில் நின்றது. தெருவில் போகிற யாரையோ பார்ப்பதுபோல் அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தோள்கள் மட்டும் இலேசாகக் குலுங்கின. கை நீண்டு சுவரைப் பிடித்துக்கொண்டது. பஸ் கிளம்பிவிட்டது.

இத்தனையும் சத்தியம். ஒரே ஒரு விவரம் விட்டுப்போயிற்று, என்னைத் தெரிந்த எவரைக் கேட்டாலும் சொல்வார்கள்: எனக்குக் கல்யாணமே ஆனதில்லை.