பெண்ணம்மாவின் பெசகா அப்பம்

குருத்தோலை ஞாயிறு பூசையான குர்பானா முடிந்து பெண்ணம்மா வெளியே வந்தபோது, தேவாலய முற்றத்தில் நான்கு பெண்கள் அவள் வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். வரும் பெரிய வியாழக்கிழமை, கர்த்தரின் கடைசி இரவு விருந்தின் நினைவாக அவிக்கிற பெசகா அப்பம், யார் வீட்டிலிருந்து அவளுக்குப் போக வேண்டும் என்பதுதான் வழக்கு. சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் பெசகா அப்பம் அவிப்பதில்லை. அக்கம்பக்கத்தார்தான் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். மீனச்சில் ஆற்றங்கரையில் அதை எழுதி வைக்கவில்லையே தவிர, எழுதி வைத்ததைவிட ஒழுங்காக நடக்கும்.

"பக்கத்து வீடு நாங்க. எங்க வீட்டுலேர்ந்துதான் போகணும்" என்றாள் ஏலிச்சேட்டத்தி. எழுபத்தொரு வயது. ஊரில் எந்தத் துக்க வீடானாலும் முதல் பாத்திரம் அவளுடையதாகத்தான் இருக்கும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெண்ணம்மா குருத்தோலையைக் கையில் சுருட்டிக்கொண்டு நேராக அவர்கள் நடுவில் போய் நின்றாள்.

"யாரும் சிரமப்பட வேண்டாம். எங்க வீட்டு அடுப்பு எரியும். வேணும்னா உங்க நாலு வீட்டுக்கும் நான் அனுப்பறேன்."

நால்வரும் குருத்தோலையை ஆராயத் தொடங்கினார்கள். எதிரே நின்று பதில் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. தைரியம் இருந்தாலும் மனசு வராது. பெண்ணம்மாவின் மகன் ஜோபிஷ் வேலை பார்த்த சரக்குக் கப்பல் ஜூலை மாதத்தில் கடலில் மூழ்கியது. பதின்மூன்று பேரில் நான்கு உடல்கள் கரை சேர்ந்தன. அந்த நான்கில் ஜோபிஷ் இல்லை. ஆறு மாதம் தேடிவிட்டு, இனி உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்று கப்பல்காரர்கள் கடிதம் எழுதினார்கள். அந்தக் கடிதத்தை ஊர் நம்பியது. அவள் கணவன் அவுசேப்பும் நம்பினார். பெண்ணம்மா அதை இரண்டாக மடித்து, ஆடும் அலமாரிக்கு முட்டுக் கொடுத்துவிட்டாள்.

புதன்கிழமை அவள் பங்குச் சாமியாரான அச்சனைப் போய்ப் பார்த்தாள். வயதில் சின்னவர், ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

"அச்சோ, உடம்பைக் காணாம சாவுன்னு சொல்றது எந்தச் சட்டத்துல இருக்கு?"

"சேச்சி, அப்பம் அவிக்கிறது சட்டம் இல்ல, வழக்கம்தான். அவிச்சா பாவமும் இல்ல."

"அப்போ அவிக்கலாம்."

அச்சன் சற்று யோசித்தார். "அவிக்கறது பெரிசில்ல சேச்சி. அவுசேப்பு சேட்டன் முறிப்பாரா?"

பெசகா அப்பத்தை வீட்டின் தலைவர்தான் முறிக்க வேண்டும். முறித்து, மூத்தவர் முதல் இளையவர் வரை வயசு வரிசையில் கொடுக்க வேண்டும். அவர் கை படாவிட்டால் அது வெறும் அரிசிமாவும் உளுந்தும்தான். பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டு முறிக்கச் சொல்ல முடியுமா?

வீட்டுக்கு வந்தபோது அவுசேப்பு ரப்பர் பால் ஒட்டிய கையை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். ஜனவரியில் மகனுக்காக ஆன்ம சாந்தி குர்பானா கொடுக்க அச்சனிடம் போனார். வழியிலேயே மறித்து, நடுரோட்டில் கையைப் பிடித்து இழுத்து வந்தவள் பெண்ணம்மா. அதற்குப் பிறகு அவர் குர்பானாவுக்கு வருவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், பாட்டுக்கு வாய் திறக்க மாட்டார்.

"அச்சாயா, நாளைக்கு அப்பம் அவிக்கறேன். நீங்க முறிக்கணும்" என்றாள் பெண்ணம்மா அவரிடம்.

"மாட்டேன்."

"அச்சன் பாவம் இல்லன்னுட்டாரு."

"பாவத்துக்காகச் சொல்லல. அடியே, நீ கர்த்தர் ஈசோவ நம்பல, அப்பத்த நம்புற. அவிச்சா அவன் இருக்கான், அவிக்கலன்னா அவன் இல்ல. இதுக்குப் பேரு விசுவாசமா?"

"அப்படியே வெச்சுக்குங்க."

"அப்படியெல்லாம் வெச்சுக்க முடியாது. எனக்கும் அவன் புள்ளதான்." துணியை வேலியில் போட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

பெண்ணம்மா அசருகிற ஆள் இல்லை. அரிசியை ஊறப் போட்டாள். முறிக்க மாட்டேன் என்கிறவர் முன்னால் ஆவி பறக்கும் அப்பத்தைக் கொண்டுபோய் வைத்தால் மனுஷன் என்ன செய்வார், ஜன்னல் வழியாகவா குதிப்பார்? அப்படித்தான் அவள் கணக்குப் போட்டாள். கர்த்தரிடமும் ஒன்பது மாதமாக அவள் இதே முறையைத்தான் கையாண்டாள். கேட்டதைத் தராமல் எங்கே போய்விடுவார் என்று கழுத்தில் கத்தி வைத்த மாதிரி ஒரு ஜெபம்.

வியாழக்கிழமை சாயங்காலம், தேவாலயத்தில் கால் கழுவும் சடங்கு முடிந்து வந்ததும், பாத்திரங்களைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். அரிசிமாவும் உளுந்தும் தேங்காயும் சின்ன வெங்காயமும் பூண்டும் சீரகமும் சேர்த்துக் கரைத்தாள். புளிக்கக் கூடாது, கரைத்ததும் அவிக்க வேண்டும். தட்டில் ஊற்றி, நடுவில் குருத்தோலைச் சிலுவையை வைத்து, பாத்திரத்தில் இறக்கி மூடினாள். ஜோபிஷுக்கு இளையவளான மகள் பின்சி இன்னொரு அடுப்பில் வெல்லமும் தேங்காய்ப்பாலும் சேர்த்துப் பெசகாப் பால் காய்ச்சினாள். நர்ஸிங் படிக்கிற பெண், லீவுக்கு வந்திருந்தாள். அம்மாவின் பக்கமா அப்பாவின் பக்கமா என்று கேட்டால் அழுதுவிடுவாள் என்பதால் யாரும் கேட்கவில்லை.

மூடிய அப்பத்தை அரை மணி நேரம் தொடக் கூடாது. அது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆவி கலைந்தால் அப்பம் விரிந்து, வெடிப்பு விழும். பெசகா அப்பம் விரிந்தால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பதும் எல்லோருக்கும் தெரியும். அச்சன்மார்கள் வருஷாவருஷம் அது மூடநம்பிக்கை என்று பிரசங்கம் செய்வார்கள். பெண்கள் வருஷாவருஷம் தலையாட்டிவிட்டு வந்து, அடுப்புப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

ஐந்து நிமிஷம் ஆனது. பெண்ணம்மா மூடியைத் தூக்கிப் பார்த்தாள்.

"அம்மா" என்றாள் பின்சி.

"சிலுவை நகந்துடுச்சோன்னு பாத்தேன்."

பத்து நிமிஷம் ஆனது. மறுபடியும் தூக்கினாள். இந்தத் தடவை தண்ணீர் வற்றிவிட்டதோ என்று சந்தேகம். மூன்றாவது தடவை அவள் காரணம் எதுவும் சொல்லவில்லை. பின்சியும் கேட்கவில்லை. பெசகாப் பாலைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

அரை மணி கழித்துத் திறந்தபோது அப்பம் விரிந்திருந்தது. ஏதோ ஓரத்தில் கீறல் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, சிலுவையின் அடியிலேயே, விரல் நுழைகிற அளவுக்குப் பிளவு.

பின்சி வாயைப் பொத்திக்கொண்டாள். பெண்ணம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்பது மாதமாக ஊரையும் அச்சனையும் புருஷனையும் கப்பல் கம்பெனியையும் எதிர்த்து நின்றவள், ஒரு தட்டு மாவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவுதான், போய்விட்டான், அடுப்பே சொல்லிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியது.

அழுகை வரவில்லை. அதற்குப் பதிலாக அவுசேப்பு சொன்னது நினைவுக்கு வந்தது. அப்பத்தை நம்புகிறாய் என்றார். அப்பத்தையாவது நம்பினேனா என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டாள். நம்பிக்கை இருக்கிறவள் அரை மணியில் மூன்று தடவை மூடியைத் தூக்குவாளா? நான் நம்பவே இல்லை. பயந்தேன். முதல் நாளிலிருந்து பயந்துகொண்டுதான் இருக்கிறேன், பயத்துக்கு விசுவாசம் என்று பேர் வைத்துக்கொண்டேன்.

யாருக்கும் தெரியாத ஒன்றும் இருந்தது. எல்லோரும் சேர்ந்து கர்த்தர் கற்பித்த ஜெபம் சொல்லும்போது, 'உமது திருவுளம் நிறைவேறுக' என்கிற இடத்தில் பெண்ணம்மா உதட்டை இறுக மூடிக்கொள்வாள். அவர் திருவுளம் என்னவென்று அவளுக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்து, மகனைத் தாரை வார்க்க அவளால் முடியவில்லை. கடலில் இருந்தாலும் கரையில் இருந்தாலும் அவன் யார் கையில் இருக்கிறான் என்ற கேள்வியை அவள் ஒரு நாளும் கேட்டுப் பார்க்கவில்லை. இன்று அடுப்பங்கரைத் தரையில் உட்கார்ந்து கேட்டாள். பதில் புதிதாக ஒன்றும் இல்லை. ஞானஸ்நானத்தன்று அவளே அவனைத் தூக்கிக் கொடுத்த கர்த்தரின் அதே கைதான்.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. எழுந்தபோது முட்டி வலித்தது. ஆனால் நெஞ்சு லேசாக இருந்தது. உதட்டைத் திறந்து அந்த ஒரு வரியை மெதுவாகச் சொன்னாள். வீடு இடிந்து விழவில்லை.

"தட்ட எடுடி" என்றாள்.

"அம்மா, இத எப்படி வெக்கறது? வேற மாவு கரைக்கட்டுமா?"

"இதுதான் வெக்கறோம்."

அந்த நேரம் பார்த்து வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. ஏலிச்சேட்டத்தி வெள்ளைத் துணி மூடிய பாத்திரத்தோடு நின்றிருந்தாள். வேண்டாம் என்று சொன்னால் கேட்கிற பிறவி இல்லை அது. அவுசேப்பு மேசையருகில் உட்கார்ந்திருந்தார், எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார்.

"கோவிச்சுக்காத பெண்ணம்மா" என்றாள் சேட்டத்தி. "உன் வீடு பெசகாவுக்கு வெறுமையா இருந்தா என் தொண்டையில எறங்காது. அதான் கொண்டாந்தேன்." துணியை விலக்கினாள். முழு நிலா மாதிரி, ஒரு கீறல் இல்லாத அப்பம்.

அப்போது பெண்ணம்மா தன் தட்டைக் கொண்டுவந்து அதன் பக்கத்திலேயே வைத்தாள். பிளவைப் பார்த்ததும் சேட்டத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். அவுசேப்பின் முகம் வெளிறியது.

"விரிஞ்சுபோச்சு" என்றாள் பெண்ணம்மா. "சகுனம் ஒண்ணும் இல்ல. நான்தான் மூணு தடவ மூடியத் தூக்கினேன். பயந்துட்டேன்."

அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

"அச்சாயா, நீங்க சொன்னது சரி. ஒம்பது மாசமா ஈசோகிட்ட, அவனத் தா, தான்னுதான் கேட்டேன். அவன் உன் கையிலதான் இருக்கான்னு ஒரு நாளும் சொல்லல. இப்ப சொல்லிட்டேன். உசிரோட இருந்தா அவரோட உசிரோட இருக்கான். செத்துட்டான்னா அவரோட உசிரோட இருக்கான். ரெண்டுல எது வந்தாலும், இந்த வீட்டுல சாவு எங்க இருக்கு, சொல்லுங்க."

அவுசேப்பு அப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "விரிஞ்சத எப்படிடி முறிக்கறது?" என்றார் கடைசியில்.

"முழுசா இருந்தா மட்டும் அப்படியேவா வெச்சிருப்பீங்க? பிட்டுத்தானே ஆகணும். அன்னிக்கு அவரும் பிட்டுத்தானே குடுத்தாரு. மறுநாள் என்ன நடக்கப்போவுதுன்னு தெரிஞ்சேதான் குடுத்தாரு."

அவுசேப்பு எழுந்து கை கழுவிவிட்டு வந்தார். பின்சி வேதபுத்தகத்திலிருந்து வாசித்தாள். ஜெபம் சொன்னார்கள். அவர் கத்தியை எடுத்து, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, கீழே வைத்துவிட்டார். பிளவு இருந்த இடத்திலேயே இரண்டு கையாலும் பிடித்து முறித்தார்.

வரிசை வயசுப்படி. இருப்பவர்களில் மூத்தது யார்? அவுசேப்பு முதல் துண்டை ஏலிச்சேட்டத்திக்கு நீட்டினார்.

சேட்டத்தி திகைத்துப்போனாள். ஐம்பது வருஷமாகத் துக்க வீடுகளுக்குக் கொடுத்துப் பழகிய கை அது. இங்கே வாங்கினால் இது துக்க வீடு இல்லை என்று அவளே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். தன் அப்பத்தைப் பார்த்தாள், விரிந்த அப்பத்தைப் பார்த்தாள், பெண்ணம்மாவைப் பார்த்தாள்.

"வாங்கிக்க சேட்டத்தி" என்றாள் பெண்ணம்மா. "உன்னுது வீணாப் போகாது, காலம்பற நாங்க சாப்பிடறோம். உப்பு சரியாப் போட்டிருக்கியா இல்லையான்னு சொல்லி அனுப்பறேன்."

"வாய்க்கொழுப்பு மட்டும் கொறையல உனக்கு" என்றபடி சேட்டத்தி இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினாள். "ஈசோவுக்கு ஸ்துதி" என்று சொல்லி வாங்கிக்கொண்டாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்க அவளுக்குக் கை மிச்சமில்லை.

இரண்டாவது துண்டை அவுசேப்பு தனக்கு எடுத்துக்கொண்டார். மூன்றாவது துண்டு பெண்ணம்மாவுக்கு. அடுத்தது பின்சி என்று அவளும் கையை நீட்டினாள். அவுசேப்பு கொடுக்கவில்லை. இன்னொரு துண்டை முறித்துக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஜோபிஷ்" என்றார்.

ஜனவரிக்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்தப் பெயர் வருவது அதுதான் முதல் தடவை. மகன் உள்ளறையில் இருந்தால் எப்படிக் கூப்பிடுவாரோ அதே குரல். தன் துண்டை இன்னும் வாயில் வைக்காமல் இருந்த பெண்ணம்மா, அதைத் தட்டில் வைத்துவிட்டு மறுபடியும் இரண்டு கைகளையும் நீட்டினாள். "ஸ்துதி" என்று மகனுக்காகச் சொல்லி, அவன் பங்கை வாங்கி, நின்றபடியே தின்றாள்.