பாதி தீர்ந்த சோயா சாஸ்

என் கணவருக்குச் சுடுதண்ணீர் வைக்கத் தெரியாது என்று நான் சொன்னால், அது கேலி இல்லை. கல்யாணமான புதிதில் கெட்டிலில் தண்ணீர் ஊற்றாமலே சுவிட்சைப் போட்டுவிட்டு, "இன்னும் கொதிக்கலையே" என்று பக்கத்திலேயே காத்து நின்றவர் அவர். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். எத்தனை மாடி உயரத்திலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தொங்குவார். அடுப்பைக் கண்டால் மட்டும் ஆள் ஆடிப்போய்விடுவார்.

அதனால் அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் சீக்கிரமே வீட்டுக்கு வந்து, "உனக்குத்தான் கை முடியலையே, இன்னிக்கு நான் சமைக்கிறேன்" என்று அவர் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திங்கட்கிழமை கடைப் படிக்கட்டில் சறுக்கி, இடது மணிக்கட்டில் சுளுக்கு. கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தேன். தீயணைப்பு வண்டிக்கு எந்த நம்பர் என்று யோசித்துக்கொண்டேதான் உட்கார்ந்தேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு பெரிய கடையில், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் கவுன்டரில். காலையிலிருந்து சாயங்காலம் வரை பொய் கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். "பிரிக்கவே இல்லைங்க" என்று நீட்டுவார்கள். மிக்ஸி ஜாரில் தேங்காய் ஒட்டிக்கொண்டிருக்கும். பொருள் கையில் இருந்தால் போதும், யார் வீட்டில் எத்தனை நாள் இருந்தது என்று ஓரளவு சொல்லிவிடுவேன். இந்தப் புத்தியைக் கடையிலேயே கழற்றி வைத்துவிட்டு வர எனக்குத் தெரியாது.

அவர் ஃப்ரீசரிலிருந்து மாட்டிறைச்சித் துண்டை எடுத்தார். பாதி உறைந்திருந்தது. எப்போது வைத்தார் என்றே தெரியவில்லை.

"கல்லு மாதிரி இருக்கே, எப்படி வெட்டுவீங்க?"

"இப்படி இருந்தாத்தான் மெல்லிசா வெட்ட வரும்," என்றார், திரும்பிப் பார்க்காமலே.

வெட்டினார். இறைச்சியின் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று விரலால் தடவிப் பார்த்து, அதற்குக் குறுக்கே கத்தியை வைத்தார். ஒவ்வொரு துண்டும் வெங்காயத்தோல் கனம்தான். அதில் கொஞ்சம் சோள மாவு, கொஞ்சம் எண்ணெய் போட்டுக் கையால் பிசறி ஓரமாக வைத்தார். கேரட், பீன்ஸ், குடமிளகாய், முட்டைகோஸ் எல்லாம் சீராக, மெல்லிசாக விழுந்தன. நூடுல்ஸைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டவர், நிமிராமலே ஒன்றை எடுத்துக் கிள்ளிப் பார்த்து வடித்தார். என் கைக்குப் பழகிய சமையலறையில் யாரோ முன்பின் தெரியாத ஆள் நிற்பது போல இருந்தது.

"யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க?"

"வீடியோல பாத்தேன்."

கேட்டதும் டக்கென்று வந்தது பதில். கவுன்டரில் எனக்குப் பிடிக்காத ரகம் அது.

அப்புறம் அவர் தன் கருவிப் பையைத் திறந்தார். ஸ்பேனருக்கும் டெஸ்டருக்கும் நடுவிலிருந்து ஒரு சோயா சாஸ் பாட்டிலை எடுத்தார். பாதிதான் இருந்தது. மூடியைச் சுற்றிச் சாஸ் காய்ந்து கறுப்பாக ஒட்டியிருந்தது.

"அது எங்க இருந்து?"

"கடையில வாங்கினேன்."

"கடையில பாதி ஊத்திட்டா குடுத்தாங்க?"

அவர் அடுப்பைப் பெரிதாக வைத்தார். வாணலி புகையும்வரை காத்திருந்து இறைச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, நிறம் மாறியதும் எடுத்துத் தனியே வைத்தார். பிறகு கேரட், பீன்ஸ், கடைசியில் கோஸ். நூடுல்ஸைக் கொட்டி, எடுத்துவைத்த இறைச்சியையும் சேர்த்து, சாஸை ஊற்றி இரண்டு கரண்டியால் தூக்கித் தூக்கிப் புரட்டினார். வாசனை ஆளைத் தூக்கியது. எனக்கோ பசி செத்துப்போயிருந்தது. எந்த அடுப்பில், எவளுக்குச் சமைத்து இந்தக் கை பழகியது? ஆறு மாதமாகச் செவ்வாயும் வெள்ளியும் லேட்டாகத்தான் வருகிறார். "பழைய பில்டிங், லிஃப்ட் மக்கர் பண்ணுது" என்பார். சாப்பாடு எடுத்துவைத்தால் "பசியில்லை" என்பார். நானும் நம்பித் தொலைத்தேன்.

அப்போதுதான் அவர் அதைச் செய்தார். ஆணியில் தொங்கிய கத்திரிக்கோலைக் கழுவி எடுத்து, என் தட்டில் போட்ட நூடுல்ஸைச் சரக் சரக்கென்று துண்டு துண்டாக நறுக்கினார். மிளகாய் ஒரு பொட்டுக்கூட இல்லை. தட்டை என் முன்னால் வைத்து, கரண்டியை எடுத்து இடது பக்கம் வைத்தார். கட்டுப் போட்டிருக்கிற கைப் பக்கம்.

மெல்லிசான இறைச்சி. காரமில்லை. நறுக்கின நூடுல்ஸ். இடதுகைப் பழக்கம். கணக்கு சரியாகப் போயிற்று. குழந்தை.

எங்களுக்குக் குழந்தை இல்லை. எத்தனை ஆஸ்பத்திரி, எத்தனை பரிசோதனை, எவ்வளவு அழுகை என்று அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். அதனால் அந்தக் கத்திரிக்கோல் சத்தம் நேரே என் வயிற்றில் விழுந்தது. தட்டைத் தள்ளினேன்.

"குழந்தைக்கு எத்தனை வயசு?"

"எந்தக் குழந்தை?"

"நீங்க செவ்வாயும் வெள்ளியும் ஊட்டிவிட்டுட்டு வர்ற குழந்தை. நூடுல்ஸ் நறுக்கிக் குடுக்கிறீங்களே, அது. இடது கையால சாப்பிடுமே, அது. என்கிட்ட மறைக்காதீங்க. நான் தினம் நூறு பேரைப் பாக்கிறவ."

அவர் கரண்டியைப் பார்த்தார். கத்திரிக்கோலைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. அந்த ஒரு நிமிடம் என் வாழ்க்கையே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அவர் எதிர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"எழுபத்தி நாலு," என்றார்.

"என்னது?"

"வயசு. உங்க அப்பா."

எங்கள் கல்யாணத்துக்கு வந்த என் அப்பா, அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று, "லிஃப்ட்ல தொங்கறவனை மாப்பிள்ளைன்னு கூப்பிட என் வாயில வராது" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர். அன்று இவர் தலை குனிந்து நின்றது இன்றும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அன்றோடு அந்த உறவை நான் அறுத்தேன். அம்மா இறந்தபோது சுடுகாட்டில் பார்த்தேன், பேசவில்லை. அப்பா வீடு மாறியதுகூட எனக்குத் தெரியாது.

"அந்தப் பழைய பில்டிங் லிஃப்ட் நின்னுபோச்சு. உள்ள ஆளு மாட்டிக்கிட்டார்னு கூப்பிட்டாங்க. கதவை நெம்பித் திறந்தா இவரு. பக்கவாதம் வந்து வலது கை விழுந்துடுச்சு. பேச்சும் குழறுது. தனியாத்தான் இருக்கார். பக்கத்து வீட்டம்மா சாப்பாடு குடுக்கறாங்க. செவ்வாயும் வெள்ளியும் அவங்களுக்கு வேலை. அதான்..."

"அதான், நீங்க."

"இறைச்சி வேணும்னு கேட்டார். மெல்ல முடியல. வீடியோ பாத்துத்தான் கத்துக்கிட்டேன், சத்தியமா. முதல்ல செஞ்சதைத் துப்பிட்டார்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. கோபம்தான் முந்தியது.

"உங்களுக்காகத்தானே அவரை வேண்டாம்னு விட்டேன்! உங்களை அவமானப்படுத்தினாருன்னுதானே! அங்க போய் என்கிட்டக் கேக்காம ஆக்கிப் போடறீங்களா?"

"கேட்டா நீ விட்டிருப்பியா?"

விட்டிருக்க மாட்டேன். அதனால் வேறொன்றைக் கேட்டேன்.

"நீங்க யாருன்னு அவருக்குத் தெரியுமா?"

"தெரியாத மாதிரிதான் இருப்பார். 'லிஃப்ட்காரரே'ன்னுதான் கூப்பிடுவார். கிளம்பும்போது, 'உங்க வீட்டுல எல்லாரும் நல்லா இருக்காங்களா?'ன்னு கேப்பார். 'இருக்காங்க'ம்பேன். அதுக்கு மேல அவரும் கேக்க மாட்டார், நானும் சொல்ல மாட்டேன். போன செவ்வாக்கிழமை மட்டும், 'வீட்டுல அவளுக்குக் கையில சுளுக்கு, அடுப்புக்கிட்டப் போக முடியல'ன்னு சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

அவர் அந்த பாட்டிலை எடுத்து மேசை நடுவில் வைத்தார்.

"தத்தித் தத்தி எழுந்து போய் இதை எடுத்துட்டு வந்தார். 'வெள்ளிக்கிழமை இங்க வர வேண்டாம், அவளுக்குச் செஞ்சு குடுங்க மாப்பிள்ளை'ன்னார். வார்த்தையே சரியா வராது அவருக்கு. 'வெள்ளிக்கிழமை'ங்கிறதைச் சொல்லவே அவ்வளவு நேரம் ஆச்சு. ஆனா 'மாப்பிள்ளை'ங்கிறது வந்துச்சு."

நான் அந்த பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூடியில் காய்ந்திருந்த சாஸில் ஒரு கட்டைவிரல் பதிந்த தடம் இருந்தது. இடது கைக் கட்டைவிரலாக இருக்கும். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, துடைக்கவில்லை.

"இன்னிக்கு அவர் என்ன சாப்பிடுவார்?"

"ரொட்டியும் பாலும் போதும்னார்."

வாணலியை எட்டிப் பார்த்தேன். இரண்டு பேர் சாப்பிட்டாலும் மீதி இருக்கும். "பழக்கதோஷத்துல அவருக்கும் சேர்த்துப் போட்டுட்டேன்," என்றார் அவர், தப்புச் செய்த மாதிரி.

"மூடி போட்ட டப்பா ஒண்ணு எடுங்க."

அவர் அசையாமல் என்னையே பார்த்தார்.

"நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன்," என்றேன். "உங்க மேலயும். அவர் மேலயும்."

"சரி."

கத்திரிக்கோலை எடுத்து, டப்பாவில் போட்ட நூடுல்ஸை நானே நறுக்கினேன்.

"இன்னும் கொஞ்சம் சின்னதா," என்றார் அவர். "தொண்டையில நிக்கும்."

சின்னதாக நறுக்கினேன். வாசலில் செருப்பு வாரை ஒரு கையால் மாட்ட முடியவில்லை. அவர் குனிந்து மாட்டிவிட்டார்.

"உள்ள வருவியா?"

"அதை அந்த லிஃப்ட்ல ஏறினப்புறம் சொல்றேன். அது ஓடுமா, இல்ல நடுவுல நின்னுடுமா?"

"நான் பாத்த லிஃப்ட்," என்றார், ரோஷமாக.

தெரு முழுக்க டப்பாவைத் தன்னிடம் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தார். சூடு உள்ளங்கையைச் சுட்டது. நான் கொடுக்கவில்லை.