ஏணிக்குப் படி தெரியாது

லிஃப்ட் நின்றுபோன அன்று காலை டைப்பிஸ்ட் அக்காவும் ஏணியும் ஐந்தாவது மாடியில் இருந்தார்கள். மெக்கானிக் வந்து மொட்டை மாடியிலிருந்த மோட்டார் அறையைத் திறந்து பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே, "பல்சக்கரம் போயிடுச்சு. கம்பெனிலேருந்து புதுசு வரணும்," என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்கு, "வரும்போது வரும்க்கா," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனார். அவரால் இறங்க முடிந்தது. ஏணியால் முடியாது.

ஏணி ஒரு கிரேஹவுண்ட் நாய். நின்றால் முதுகு அவள் இடுப்புக்கு வரும். ஒட்டிய வயிறு, எண்ணிவிடலாம் போல விலா எலும்புகள், உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளத்தில் கால்கள். பேர் வைத்தவன் அவள் தம்பி. கப்பலில் சமையல்காரன். பந்தயத்தில் ஓடிக் கால் ஒடிந்து இனி உதவாது என்று ஒதுக்கப்பட்ட நாயை இரக்கப்பட்டு வாங்கி வந்தவன், அடுத்த கப்பல் கூப்பிட்டதும் அதை அக்காவின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான்.

"ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடறேன்க்கா. இது பாட்டுக்கு சோபால படுத்துத் தூங்கும். வேற ஒரு தொந்தரவும் இல்ல."

அவன் சொன்னதில் பொய்யில்லை. பகலில் முக்கால்வாசி நேரம் கால்களை ஆகாயத்துக்கு நீட்டி, கழுத்தை சோபா விளிம்பில் தொங்கவிட்டு, அடித்துப் போட்ட மாதிரி தூங்கும். விழித்தால் வந்து சாயும். நக்குவது, குதிப்பது எல்லாம் அதன் பழக்கத்தில் இல்லை. முழு எடையையும் அவள் தொடையில் சாய்த்துவிட்டு, பென்ஷன் வாங்குகிறவர் போல ஒரு பெருமூச்சு விடும். அவ்வளவுதான் அதன் கொஞ்சல்.

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவைக் காதில் மாட்டிக் கேட்டு, கால் பெடலால் நிறுத்தி நிறுத்தித் தட்டச்சு செய்வாள். கணவனைப் பிரிந்து வந்த பிறகு அந்த வேலை அவளுக்குத் தோதாகிப்போனது. யாரோடும் பேச வேண்டாம். மற்றவர்கள் பேசுவதைக் கேட்டால் போதும். நாய் வருவதற்கு முன்னால் வாரக்கணக்கில் வாசலைத் தாண்டாமல் இருந்திருக்கிறாள். ஏணிதான் அவளைக் காலையிலும் மாலையிலும் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனது.

கூண்டில் பிறந்து, கூண்டிலிருந்து மைதானம், மைதானத்திலிருந்து கூண்டு என்று வளர்ந்த நாய் அது. படிக்கட்டு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே அதற்குத் தெரியாது. முதல் படிக்கு முன்னால் நிறுத்தியதும் மரத்துப்போய் நின்றது. ஒவ்வொரு படியிலும் கறித்துண்டு வைத்தாள். எட்டிய வரைக்கும் கழுத்தை நீட்டித் தின்றது. மிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நின்றது. பின்னாலிருந்து தள்ளினால் நான்கு கால்களும் மடக்க முடியாத நாற்காலி மாதிரி விறைத்துக்கொண்டன. தொடை மட்டும் நடுங்கியது. அந்த நடுக்கத்தைப் பார்த்ததும் அவளுக்கு மேற்கொண்டு தள்ள மனம் வரவில்லை.

வீட்டுக்குள் அசிங்கம் செய்யவும் அதற்குத் தெரியவில்லை. காலையிலிருந்து அடக்கிக்கொண்டு கதவுக்கும் அவளுக்குமாக நடந்தது. சாயங்காலம் எதிர்வீட்டு நர்ஸையும், கீழே தெருவைப் பார்த்தபடி கடை வைத்திருக்கும் மருந்துக்கடைக்காரரையும் கூப்பிட்டாள். கனமான போர்வையில் நாயை உட்காரவைத்து, மூன்று பேரும் பல்லக்கு மாதிரி தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ஏணி யாரையும் பார்க்காமல் மிகுந்த சங்கடத்தோடு சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தது. திரும்பத் தூக்கிவரும்போது மருந்துக்கடைக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"பரவால்லம்மா. நம்ம கடையிலயே தைலம் இருக்கு," என்று குனிந்தபடியே போனார். மறுபடி அவரைக் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.

நர்ஸ் வாங்கிவந்த மண் மூட்டையைக் குளியலறையில் கொட்டிப் பரப்பினாள். மறுநாள் வேறு வழியில்லாமல் ஏணி அதில் நின்றது, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு. அவளும் கதவை ஒருக்களித்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

அவள் மட்டுமாவது கீழே போகலாம் என்றால் அதுவும் நடக்கவில்லை. அவள் செருப்பை மாட்டினாலே ஏணி ஊளையிடும். குழாயில் காற்று அடைத்துக்கொண்ட மாதிரி, நின்று நின்று ஒரு சத்தம். நர்ஸ் ராத்திரி வேலை முடிந்து வந்து பகலில் தூங்குகிறவள். "அக்கா, இப்பதான் கண்ண மூடினேன்," என்று ஒரு தடவை கதவைத் திறந்து மெதுவாகச் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பாலும் அரிசியும் மற்றவர்கள் கையில் ஏறி வந்தன. அவள் தட்டச்சு செய்தாள். காதுக்குள் எங்கோ ஒரு சாட்சிக் கூண்டில் நின்று யாரோ கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நாற்காலியில் சாய்ந்து நாய் நின்றது. நாள் போகப் போக அது சாப்பாட்டுத் தட்டைத் திரும்பிப் பார்ப்பதையும் குறைத்துக்கொண்டது.

அந்த வாரத்தில்தான் தம்பி போனில் கூப்பிட்டான்.

"அக்கா, கோச்சுக்காத. இன்னொரு தடவ கப்பல்ல போறதுக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"எனக்கு முடியலடா. யாரையாவது ஏற்பாடு பண்ணு. வந்து தூக்கிட்டுப் போகட்டும்."

"எப்படிக்கா? நடுக்கடல்ல இருக்கேன்."

"உனக்காவது கப்பல் நகருது. நான் இங்க ஒரே எடத்துல இருக்கேன்."

அவன் ஏதோ சமாதானம் சொல்லத் தொடங்கும்போதே தொடர்பு அறுந்தது. ஏணி வந்து தொடையில் சாய்ந்தது. "தள்ளிப் போ," என்றாள். அது போகவில்லை. அவளும் நகரவில்லை.

பூனை வந்தது அதற்கு மறுநாள். மருந்துக்கடைக்காரரின் பூனை, கொழுத்த மஞ்சள் பூனை, ஆள் நடமாட்டம் இல்லாத படிக்கட்டைத் தன் வீடாக்கிக்கொண்டிருந்தது. குப்பைப் பையை வெளியே வைக்க அவள் கதவைத் திறந்த நேரத்தில் அது கீழ்ப்படியில் முதுகை நக்கிக்கொண்டிருந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஏணி எப்போது எழுந்தது என்று அவளுக்குத் தெரியாது. இடுப்பை உரசிக்கொண்டு சாம்பல் நிறமாக ஏதோ போனது. நகங்கள் சிமெண்டில் கிறீச்சிட்டன. ஒரு மாடி, இன்னொரு மாடி, சத்தம் கீழே கீழே போய்க்கொண்டே இருந்தது.

வெறுங்காலோடு ஓடினாள். வாயில்கதவு திறந்திருந்தால் தெரு, தெருவைத் தாண்டினால் பெரிய சாலை. கூப்பிட்டால் திரும்பும் இனமில்லை. ஓட ஆரம்பித்தால் காது அடைத்துவிடும் என்று தம்பி சொல்லியிருந்தான்.

வாயில்கதவு சாத்தியிருந்தது. பூனை ஜன்னல் கம்பி மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. ஏணி நடுமுற்றத்தில் மூச்சிரைக்க நின்றுகொண்டிருந்தது, தான் எப்படி இங்கே வந்தோம் என்று யாரையாவது கேட்கலாமா என்பது போல. பின்தொடையில் தோல் காகிதம் மாதிரி கிழிந்து தொங்கியது.

நர்ஸ் இறங்கிவந்து துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். கால்நடை மருத்துவர் முற்றத்திலேயே உட்கார்ந்து தையல் போட்டார். "இந்த ஜாதிக்குத் தோல் ரொம்ப மெல்லிசு. ஆறுற வரைக்கும் ஏத்தாதீங்க, எறக்காதீங்க."

"அப்ப எங்கதான் வெச்சுக்கறது?"

மருந்துக்கடைக்காரர் முதுகைப் பிடித்தபடி, "நம்ம பூனையாலதான வந்துச்சு. கடைக்குப் பின்னாடி கிடங்கு சும்மாதான் கெடக்கு," என்றார்.

ஐந்தாவது மாடிக்கு ஜன்னலாவது இருந்தது. கிடங்கில் அதுவும் இல்லை. அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே ஒரு கட்டில், ஒரு மேசை, எப்போதும் இருமல் மருந்து வாசனை. கணினியை இறக்கிக்கொண்டு வந்து வேலையைத் தொடர்ந்தாள். ஆனால் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் கடை. இருமுகிறவர்கள், பிள்ளையை அடக்குகிறவர்கள், மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று மூன்று தடவை கேட்கிறவர்கள். சிலர் எட்டிப் பார்த்து, "இது நாயா, கன்னுக்குட்டியா?" என்றார்கள். பதில் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. சிலரிடம் இரண்டு வார்த்தை கூடுதலாகவே சொன்னாள்.

தையல் பிரிக்கும் முன்பே தம்பி வந்து நின்றான். வழியில் துறைமுகத்தில் இறங்கி, கப்பலை விட்டுவிட்டு வந்திருந்தான். பெட்டிகளுக்கு நடுவே அக்காவைப் பார்த்ததும் தோள்பையை இறக்கி வைத்தான்.

"கேன்டீன்ல வேலை கெடச்சிருக்கு. ரூமும் பாத்துட்டேன். நான் கூட்டிட்டுப் போயிடறேன்க்கா."

"ரூம் எத்தனாவது மாடி?"

"மூணு."

"லிஃப்ட் இருக்கா?"

அவன் அவளைப் பார்த்தான். நாயைப் பார்த்தான். "தூக்கிட்டு ஏறுவேன்."

"தூக்கு, பாப்போம்."

தூக்கினான். ஏணி விறைத்துக்கொண்டது, கால்கள் நாலு திசைக்கும் போயின. ஒரு பெட்டி சரிந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்ததும், இத்தனை நாளாக இந்த நிமிடத்துக்காகத்தானே காத்திருந்தோம் என்று நினைவு வந்தது. நாய் போய்விட்டால் கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி உள்ளேயே இருந்துவிடுவாள். அதுவும் அவளுக்குத் தெரிந்தது.

"ஏணி இங்கயே இருக்கட்டும். ஆனா ஞாயித்துக்கிழமை தவறாம நீ வந்து அது கூட இருக்கணும். சாக்கு சொல்லக் கூடாது. நான் வெளிய போகணும்."

"எங்கக்கா?"

"தெரியல."

அடுத்த வாரம் பல்சக்கரம் வந்தது. லிஃப்ட் ஓடத் தொடங்கியதும் அவளும் ஏணியும் மேலே போனார்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி சொன்னபடி வந்தான். கதவுக்குப் பின்னால் ஏணி ஊளையிட, அவன் அதை அதட்டுவதும் கொஞ்சுவதும் லிஃப்டுக்குள்ளும் கேட்டது. அவள் முதலில் வந்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் இறங்கித் திரும்பிவிடலாம் என்று எழுந்தேவிட்டாள். பஸ் வளைவில் திரும்பியது. கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நின்றாள். பிறகு மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.