நடப்பவர்கள் விழாத படம்

அப்பா காணாமல் போய் இன்றோடு மூன்று நாள். மாலை வகுப்புக்குப் போகவில்லை. அண்ணன் அன்றைக்கு எடுத்த பதினேழு படங்களையும் நேரப்படி அடுக்கி, ஒவ்வொன்றையும் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். எதையாவது தவறவிட்டிருப்பேனோ என்று மறுபடியும் முதலிலிருந்து.

அண்ணன் புகைப்படக்காரர். பதினெட்டு வருடமாக ஆளில்லாத பொழுதுபோக்கு இடங்களை மட்டுமே எடுக்கிறார். நீச்சல் குளம், ராட்டினம், பூங்கா பெஞ்சு. கண்காட்சிகள் நடந்திருக்கின்றன, ஒரு புத்தகமும் வந்திருக்கிறது. கூட்டம் கலையும்வரை காத்திருப்பார் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. லென்ஸின் முன் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டி, நான்கு நிமிடம் கேமராவைத் திறந்தே வைப்பார். அசையாதது மட்டும் பதியும். நடப்பவர்கள் இருந்த சுவடே இருக்காது.

அப்பாவுக்கு ஒரு வருடமாக ஞாபகம் தவறுகிறது. ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்த்துக்கொள்வது அண்ணனின் முறை. படம் எடுக்கப் போன பூங்காவுக்குக் கூடவே கூட்டிப்போயிருந்தார். அதற்கு இரண்டு வாசல். ஒன்று பேருந்து நிலையத்துக்கு, மற்றது ஆற்றுக்கு. அப்பா எது வழியாகப் போனார் என்று தெரிந்தால் தேடும் ஆட்களை அந்தப் பக்கமே இறக்கலாம் என்று சொல்லி, காலையில் இன்ஸ்பெக்டர் வந்து படங்களைப் பார்த்தார்.

"சாயங்கால நேரம், ஒரு ஈ காக்கா கூடவா இல்ல?"

"நல்ல கூட்டம் சார்," என்றார் அண்ணன்.

"எங்கய்யா?"

"எங்க கல்யாணத்த இவரே எடுத்திருந்தா மண்டபம் மட்டும்தான் சார் இருந்திருக்கும்," என்றார் அண்ணி. வழக்கமாகச் சிரித்துக்கொண்டே சொல்வது. இன்று சொல்லிவிட்டு அழுதார்.

சாயங்காலம் பன்னிரண்டாவது படத்தில், ஆற்று வாசலருகே புகைபோல ஒரு மங்கல் கண்ணில் பட்டது.

"அண்ணா, இது அப்பாவா?"

"இல்லடா. யாரோ கொஞ்ச நேரம் நின்னிருக்காங்க. அப்பா நிக்கல."

"எப்படிச் சொல்றீங்க?"

படத்தைப் பார்த்தபடியே சொன்னார். "கேமரா முன்னால வந்து நின்னுட்டாரு. நான்தான் கத்துனேன். நிக்காதீங்கப்பா, நடந்துக்கிட்டே இருங்க, நடந்தா படத்துல விழமாட்டீங்கன்னு. சரிப்பான்னு நடக்க ஆரம்பிச்சாரு. படம் முடிஞ்சதும் நில்லுங்கன்னு சொல்ல மறந்துட்டேன்."

"எந்தப் பக்கம் போனாரு?"

"நான் கடிகாரத்தப் பாத்துக்கிட்டிருந்தேன்டா."

பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார். பேருந்து நிலையத்துக்கு என்னைப் போகச் சொல்லிவிட்டு, அவர் ஆற்றுப் பக்கம் கிளம்பினார். ஏன் அப்படிப் பிரித்தார் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதத்தான் கை வரவில்லை.