நெஞ்சடைப்பு ஸ்டாப்

எனக்கு வியாதி வந்ததில் ஒரு ஊருக்குப் பஸ் கிடைத்தது. இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி செத்துக்கொண்டிருந்தது நான்தானே, அவர்களா?

என் பெயர் அருஞ்சுனை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போய்வரும் காசிராஜன் முதலாளியின் பஸ்ஸுக்குப் பதினாலு வருஷமாக டிரைவர். இதுவரை ஒரு கோழியைக்கூட அடித்தது கிடையாது. எழுபத்தோராம் வருஷம் ஆடி மாதம், காலை டிரிப்பில், ஒன்பதாம் மைல் கல்லுக்கிட்டே போகும்போது அது முதல் தடவை வந்தது. ரோட்டில் மாடு இல்லை, மனுஷன் இல்லை. இரண்டு பக்கமும் கரிசல் காடும் உடைமரமும் வெயிலும்தான். சும்மா இருந்த நெஞ்சு திடீரென்று படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. விரல் மரத்தது, மூச்சு பாதியில் நின்றது, காதுக்குள் ஒரே இரைச்சல். சாகப் போகிறேன் என்பது, இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை என்பதைப் போல அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்தது. வண்டியை ஓரங்கட்டி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, கீழே இறங்கி, கல்லில் சாய்ந்து உட்கார்ந்து சாவுக்குக் காத்திருந்தேன்.

பத்து நிமிஷம் ஆனது. சாகவில்லை. எழுந்து வண்டியை எடுத்தேன். சாயந்தரம் திரும்பும்போது அதே கல்லில் மறுபடி வந்தது. மறுநாளும் இரண்டு தடவை. அதற்குப் பிறகு ஒரு நாள் தவறவில்லை.

முதல் வாரம் பயணிகள் பதறினார்கள். துண்டால் வீசினார்கள். ஒருவர் சாவிக்கொத்தை என் கையில் திணித்தார். "யோவ், இது வலிப்பு இல்லய்யா" என்று சொல்லக்கூட எனக்கு மூச்சு இல்லை. மூன்றாவது வாரம் பழகிவிட்டார்கள். நான் சாகிற நேரத்தில் இறங்கி ஒதுங்கிவிட்டு, வெற்றிலை போட்டுவிட்டு ஏறினார்கள். ஒரு நாள் ஒரு ஆள் அருப்புக்கோட்டையிலேயே வந்து கேட்டான். "டிரைவரண்ணே, இன்னைக்கு உங்களுக்கு வருமில்ல? எனக்கு வயிறு சரியில்ல, அதான்."

ஒன்பதாம் கல்லிலிருந்து மூன்று பர்லாங் தள்ளிக் கள்ளியேந்தல் என்று ஒரு ஊர். அறுபது வீடு இருக்கும். எங்களுக்கு ஒரு பஸ் ஸ்டாப் கொடுங்கள் என்று பதினோரு வருஷமாக மனுப் போட்டு, போகாத ஆபீஸ் இல்லை. அவசரத்துக்கு ஆஸ்பத்திரி என்றாலும் நாலு மைல் நடந்துதான் அடுத்த ஸ்டாப்புக்குப் போக வேண்டும். என் கதை அவர்கள் காதில் விழுந்ததும் அவர்கள் பரிதாபப்படவில்லை. மூட்டை கட்டினார்கள்.

ஒரு மாதத்தில், நான் சாவதற்கு முன்னாலேயே அங்கே கூட்டம் நின்றது. பருத்தி மூட்டை, ஆட்டுக்குட்டி, பிள்ளைத்தாய்ச்சி, எல்லாம். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்குவேன், அவர்கள் ஒவ்வொருவராக மரியாதையாக ஏறுவார்கள். "பதறாம மெதுவா மூச்சு வாங்குங்கண்ணே, எங்க மச்சான் இன்னும் வரணும்" என்று ஒருவன் எனக்கு ஆறுதல் சொன்னான். கண்டக்டர் சோலைச்சாமி டிரிப் சீட்டில் 'டிரைவர் உடல்நலக் குறைவு, பத்து நிமிடம்' என்று எழுதிவிட்டு, "நெஞ்சடைப்பெல்லாம் எறங்கு! நெஞ்சடைப்பெல்லாம் எறங்கு!" என்று கத்துவான். எனக்கு மூச்சு இருந்திருந்தால் அவனை அங்கேயே மிதித்திருப்பேன்.

பிச்சையம்மாள் என்கிற அந்த ஊர்க்காரி உடைமரத்தடியில் அடுப்பு மூட்டி டீக்கடையே போட்டுவிட்டாள். அந்த டீயைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. கள்ளியேந்தலில் எந்தக் கிணற்றில் இறைத்தாலும் உப்பு. குடித்தவர்கள் காறித் துப்புவார்கள், மறுநாளும் வாங்கிக் குடிப்பார்கள். எனக்கு மட்டும் அவள் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். சாகிறவனுக்கு ருசியா தெரியும்? வாங்கி மடக் மடக்கென்று குடிப்பேன்.

என் பெண்டாட்டி குருவம்மாள் வேப்பிலை அடித்தாள், தாயத்துக் கட்டினாள், கோயில் கோயிலாக நேர்ந்தாள். கடைசியில் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அருப்புக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் போனாள். அவர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், படம் எடுத்துப் பார்த்தார்.

"இருதயம் நல்லா இருக்கு. வீட்டுல திருடனே வராம நாய் கிடந்து குரைக்கும் பாத்தியா, அப்படி உன் உடம்பு சும்மா பயந்து குரைக்குது. இது கோழைத்தனம் இல்ல, வியாதி. மாத்திரை இருக்கு" என்றார். தினம் ராத்திரி ஒன்று. உடனே கேட்காது, மூன்று நாலு வாரம் ஆகும். முதலில் தூக்கமாக வரும், அதனால் அவர் பார்த்துச் சொல்லும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது. நானாக நிறுத்தவும் கூடாது.

வாங்கிவந்தேனே தவிர, சாப்பிடவில்லை. பயத்துக்கு மாத்திரை என்றால் அது பைத்தியத்துக்குக் கொடுக்கிறதுதானே என்று பயம். புத்தி மங்கிவிடுமோ, லைசென்ஸ் போய்விடுமோ, நாளைக்கு என் மகளைக் கட்ட எவன் வருவான் என்று பயம். பயத்துக்குக் கொடுத்த மாத்திரையைப் பார்த்தே எனக்குப் படபடப்பு வந்தது. பன்னிரண்டு நாள் அது சாமி அலமாரியில் திருநீற்றுச் சம்படத்துக்குப் பக்கத்தில் இருந்தது. குருவம்மாள் சூடம் காட்டும்போது மாத்திரைக்கும் சேர்த்துக் காட்டினாள்.

"சாமி மாதிரி கும்பிடவா வாங்கியாந்தோம்? முழுங்குங்க" என்பாள். நாளைக்கு என்பேன்.

சோலைச்சாமி வாயில் எது நிற்கும்? செய்தி எல்லா இடத்துக்கும் போய்விட்டது. முதலாளி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா அருஞ்சுனை, மாத்திரைய யோசிச்சுச் சாப்பிடு. அந்த ஊர்ல லோடு நல்லா ஏறுது. ஆனா பெர்மிட்டுல அந்த ஸ்டாப் இல்ல. நீ கல்லு மாதிரி இருந்துக்கிட்டு அங்க நிப்பாட்டுனா எம்மேல கேஸு எழுதுவாக. வியாதிக்கு நிப்பாட்டுனா எவனும் கேக்க முடியாது."

"அப்ப நான் வியாதிக்காரனாவே இருக்கணுமாக்கும் மொதலாளி?"

"சேச்சே, நான் அப்படிச் சொல்வனா? நல்லா இருப்பா. கொஞ்சம் மெதுவா நல்லா இரு" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் கள்ளியேந்தலே வீட்டுக்கு வந்துவிட்டது. ஊர்ப் பெரியவர் சங்கையா முன்னால், அவர் கக்கத்தில் ஒரு சேவல், பின்னால் பத்துப் பேர். சேவலைக் குருவம்மாளிடம் கொடுத்துவிட்டு ஒரு மனுவை எடுத்து அவரே வாசித்தார். 'டிரைவர் உயர்திரு அருஞ்சுனை அவர்களின் வியாதியை எக்காரணம் கொண்டும் குணப்படுத்த வேண்டாம் என்று ஊர்ப் பொதுமக்கள் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்.' கீழே கையெழுத்தும் கைநாட்டுமாக ஒரு பக்கம்.

"பெரியவரே, உங்களுக்கு மனசாட்சி இருக்கா?" என்றேன்.

"இருக்கப் போயித்தான் கேக்க வந்தோம். மாத்திரைய வேணாம்னு சொல்லல. பாதியாத் தின்னு பாருங்களேன். காலைல வரட்டும், சாயந்தரம் வேணாம். பொழுசாய நாங்க நடந்துக்கிடுறோம்."

"மாத்திரை என்ன கொழுக்கட்டையா, பிட்டுத் திங்க?"

"கோவப்படாதீக. நெதம் ரெண்டு தடவதான, அதும் பத்துப் பத்து நிமிசம். மத்த நேரமெல்லாம் நல்லாத்தான இருக்கீக?"

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ. "நெதம் ரெண்டு தடவ சாகுறேன்யா நான்! மத்த நேரமெல்லாம் எப்ப சாவோம்னு பாத்துக்கிட்டு இருக்கேன். எம்பிள்ளை முகத்தப் பாத்தா இதான் கடைசியோன்னு தோணுது. இதுக்குப் பேரு நல்லா இருக்குறதா?" என்று கத்தினேன்.

இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குருவம்மாளிடம்கூட இல்லை. அவள் சேவலைப் பிடித்தபடி வாசலில் நின்று அழுதுகொண்டிருந்தாள். உள்ளே போய் மாத்திரையை எடுத்துவந்து, அத்தனை பேர் முன்னாலும் வாயில் போட்டு விழுங்கினேன். ராத்திரி சாப்பிட வேண்டிய மாத்திரை. பொழுது போகிறவரை யார் காத்திருப்பது? படுத்தவன் மறுநாள் காலையில் சேவல் கூவித்தான் எழுந்தேன். அந்தச் சேவல்தான்.

ஒரு மாதம் வீட்டில் இருந்தேன். நாக்கு வறண்டது, தலை கனத்தது. படுக்கையிலேயே இரண்டு தடவை அது வந்து பார்த்தது. பிறகு மெல்ல மெல்ல வருவதும் பாதியில் திரும்பிப் போவதுமாக ஆனது. எனக்குப் பதிலாகப் பால்ச்சாமி வண்டி ஓட்டினான். அவனுக்கு ஒரு வியாதியும் கிடையாது. ஒன்பதாம் கல்லில் நிற்காமல் போனான்.

"கல்ல எறிவாகன்னு பயந்தேண்ணே. ஒருத்தரும் எறியல. சும்மா நின்னு பாத்துட்டு நடந்து போயிட்டாக" என்றான் சோலைச்சாமி. போகட்டும், எனக்கென்ன என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

டாக்டர் சரி என்று சொன்னபின் முதல் டிரிப். வண்டியில் பெர்மிட்டைச் சோதிக்கிற சர்க்கார் செக்கர் ஏறிவிட்டார். எட்டாம் கல் தாண்டியது. நெஞ்சு எப்போது ஆரம்பிக்கும் என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன். ஒரு தரம் லேசாகத் தூக்கிப் போட்டது, அப்புறம் அடங்கிவிட்டது. தூரத்தில் கூட்டம். நான்தான் ஓட்டுகிறேன் என்று தெரிந்து எல்லோரும் வந்திருந்தார்கள். யாரும் கை காட்டவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். நன்றாக இருந்தால் நிற்கக் கூடாது, நின்றால் நன்றாக இருக்கக் கூடாது. இது என்ன பிழைப்பு என்று மனசுக்குள் வைதுகொண்டே பிரேக்கை மிதித்தேன்.

"ஐயோ அம்மா!" என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிக் கல்லில் சாய்ந்தேன்.

பிச்சையம்மாள் குனிந்து பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"என்னண்ணே இது, தெருக்கூத்து மாதிரி?" என்று கிசுகிசுத்தாள். "நீங்க ஒருநாளும் சத்தம் போட மாட்டீகளே. மொதல்ல எடது கை வெரல மடக்கி மடக்கி விரிப்பீக. அப்பறம் மேல் பட்டனக் கழத்துவீக. செருப்பத் தள்ளி விடுவீக. கண்ணு அந்த மரத்தையே பாத்துக்கிட்டு இருக்கும். நெஞ்சுக்குக் கை போறது கடைசிலதான்."

இதெல்லாம் நான் செய்வேன் என்று எனக்கே தெரியாது. தன்னந்தனியாகச் செத்துக்கொண்டிருக்கிறேன் என்றுதான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். அவள் சொன்ன வரிசைப்படி விரலை மடக்கினேன், பட்டனைக் கழற்றினேன், செருப்பைத் தள்ளினேன்.

செக்கர் இறங்கி வந்தார். "என்ன ஆச்சு?"

"வழக்கமா வாரதுதான் சார்" என்றான் சோலைச்சாமி, டிரிப் சீட்டில் எழுதிக்கொண்டே.

"இன்னிக்குக் கொஞ்சம் சாஸ்தியா இருக்கு, பாவம்" என்றார் சங்கையா, ஆட்டுக்குட்டியை உள்ளே ஏற்றியபடி. செக்கர் தலையை ஆட்டிக்கொண்டு டீக் குடிக்கப் போனார், குடித்துத் துப்பினார்.

பிச்சையம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "நெசமாவே நின்னுருச்சாண்ணே?"

"நின்னுருச்சு தாயி."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மாத்திரைய விட்டுறாதீக. நடிப்பெல்லாம் நாங்க சொல்லிக் குடுத்துக்கிடுறோம்" என்று செம்பை நீட்டினாள்.

குடித்தேன். இருநூறு தடவையாவது குடித்திருப்பேன், அன்றைக்குத்தான் நாக்கில் பட்டது. துளிகூட உப்புக் கரிக்கவில்லை. இளநீராக இனித்தது.

"இது எந்தக் கெணத்துத் தண்ணி?" என்றேன்.

"எங்க ஊரு கெணறு இல்லண்ணே. ரெண்டு மைலு தள்ளி ஒரு ஊத்து இருக்கு, விடியமுன்ன போயி எடுத்தாருவேன். உங்களுக்கு மட்டுந்தான்."

"தெனமுமா? எதுக்கு?"

என்னை ஒரு முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "சாகப் போற ஆளுக்கு உப்புத் தண்ணியவா குடுப்பாக?"

நான் செம்பைக் கீழே வைக்கவில்லை. பத்து நிமிஷம் ஆகட்டும் என்று உட்கார்ந்து முழுவதையும் குடித்தேன்.