புத்தகத்துக்கு ஒரு இன்ட்டு

என் ட்யூஷன் அறையில் ஒரு மாணவிக்குப் ‘பின்பக்கம்’ என்று பட்டப்பெயர். கணக்கைத் தொடங்குமுன் புத்தகத்தின் பின்பக்கத்து விடையைப் பார்த்துக்கொள்வாள். எப்படியாவது அந்த எண்ணில் கொண்டுபோய் முடித்துவிடுவாள். நடுவில் ஒரு மண்ணும் இருக்காது. நானும் சளைக்காமல் சிவப்புப் பேனாவால் ‘ஸ்டெப் எங்கே?’ என்று எழுதுவேன். எரிச்சல் தாங்காமல் ஒருநாள் விடைப் பக்கங்களைச் சேர்த்துத் துணிக் கிளிப் மாட்டிவிட்டேன்.

அடுத்து வந்தது ஒரு முக்கோணக் கணக்கு. உச்சிக் கோணம் x. கீழே உள்ள இரண்டு கோணங்களும் தலா அதைப்போல் இரண்டு மடங்கு. x எவ்வளவு?

அவள் முப்பத்தாறு என்றாள். நான் கிளிப்பை எடுத்துப் பார்த்தேன். நாற்பத்தைந்து என்று இருந்தது.

“தப்பு. திரும்பப் போடு.”

“இல்ல மிஸ், புக்குதான் தப்பு.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “வாய்க்கு மட்டும் குறைச்சலே இல்ல. எப்படின்னு சொல்லு, பாப்போம்!”

அவள் அசரவில்லை. எழுந்து போய்க் கதவு நிலையைத் தட்டிக் காட்டினாள்.

“மேல நாப்பத்தஞ்சுன்னா கீழ ரெண்டு மூலையும் தொண்ணூறு. ரெண்டு கோடும் இந்த நிலை மாதிரி நேரா நிக்கும். அப்புறம் எங்க மிஸ் போய்ச் சேரும்?”

நானே போட்டுப் பார்த்தேன். x, 2x, 2x, மொத்தம் நூற்றெண்பது. முப்பத்தாறேதான்! அறையே கைதட்டியது.

சிவப்புப் பேனாவை அவளிடம் நீட்டினேன். அவள் நாற்பத்தைந்தின் மேல் பெரிதாக ஒரு இன்ட்டு போட்டாள். பிறகு அதன் பக்கத்தில் நிதானமாக எழுதினாள்: ‘ஸ்டெப் எங்கே?’