நாற்பத்தொரு பக்க எண்கள்

"ஆண்டவற்றை சிலுவையைத் தூக்கின சீமோனுக்கு ஆரும் 'தாக்' சொன்னவையோ, ரீச்சர்?"

ஏழு வயது டானியல் ஒரு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் இப்படிக் கேட்டான். டெனிஷ் பள்ளிக்குப் போகும் அந்தப் பிள்ளைகளுக்கு நன்றி என்ற சொல் டெனிஷில்தான் முதலில் வரும். வேதத்தில் அப்படி எழுதவில்லை என்று வகுப்பெடுத்த யசிந்தா சொன்னாள். "அப்ப பாவம்" என்றுவிட்டு அவன் நிறம் தீட்டப் போய்விட்டான். அந்த வருடம் அவளுக்கு எதுவுமே தோன்றவில்லை. களைப்பு அப்படி.

யசிந்தா சில்க்போர்க்கில் ஒரு வணிகச் சட்ட நிறுவனத்தில் பயிற்சிச் சட்டத்தரணி. மூன்று வருடப் பயிற்சியில் கடைசி வருடம். செலவழித்த நேரத்தை ஆறு ஆறு நிமிடமாகப் பிரித்து, எந்த வாடிக்கையாளருக்காக என்று கணினியில் பதிய வேண்டும். கழிவறைக்குப் போன ஆறு நிமிடத்தை யாருடைய பெயரில் எழுதுவது என்று முதல் மாதம் உண்மையாகவே யோசித்தாள். இப்போது அதை யோசிக்கவும் தெம்பில்லை. இக்காஸ்டிலுள்ள வீட்டுக்கு ரயிலில் திரும்பும்போது, பக்கத்திலிருப்பவர் தட்டி எழுப்பினால்தான் இறங்குவாள்.

அவளோடு இன்னொரு பயிற்சியாளரும் இருந்தான். ஹேர்னிங்கைச் சேர்ந்த கஜதீபன். இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக வைத்துக்கொள்ள முடியும், கோடை விடுமுறைக்கு முன் சொல்வோம் என்று நிறுவனத்தின் பங்காளர் ஹென்றிக் அறிவித்திருந்தார். அந்த இடம் கிடைக்காவிட்டால் யசிந்தா வேலை தேடிக் கோப்பன்ஹேகன் போக வேண்டும். தையல் ஆலையில் முழங்கால் தேய்ந்த அம்மா மேரிசெலின், மாடிப்படி உள்ள அந்த வீட்டில் தனியாக இருப்பார்.

மார்ச்சில் ஒரு வாடிக்கையாளருக்காக ஒரு தளபாட ஆலையை வாங்கும் வேலை வந்தது. ஆலையின் ஒப்பந்தங்களை இருவரும் பாதிப்பாதியாகப் படித்து அறிக்கை எழுதினார்கள். வெள்ளிக்கிழமை ஹென்றிக் அவளுடைய மேசைக்கே வந்தார்.

"பதினேழாம் பக்கத்தில் நீ பிடித்தது பெரிய விஷயம். ஆலை கைமாறினால் நிலத்துக்காரர் குத்தகையை முறிக்கலாம் என்பதை நாங்கள் யாரும் காணவில்லை."

யசிந்தாவும் காணவில்லை. அந்தக் குத்தகைக்கு எதிரே "பிரச்சினை இல்லை" என்றுதான் முதல்நாள் எழுதியிருந்தாள். இப்போது அவளுடைய பகுதியில், அவளுடைய பெயரின் கீழ், அவள் எழுதாத ஒரு பந்தி இருந்தது. அந்த அறிக்கையைத் திறக்கக்கூடிய மற்றவன் ஒருவன்தான்.

அலுவலகச் சமையலறையில் அவன் கோப்பி இயந்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"கஜன், பதினேழாம் பக்கம் நீரோ எழுதினது?"

"எந்தப் பதினேழு? இந்த மெசினும் என்னை மாதிரித்தான், தட்டினால்தான் வேலை செய்யும்."

"பகிடி விடாதையும். ஏன் உம்மடை பேரைப் போடேல்லை?"

"உம்மடை பேருக்குப் பக்கத்திலை என்ரை பேரோ? கலியாணக் காட் மாதிரியெல்லோ இருக்கும். அம்மா மயங்கி விழுந்திடுவா."

அவள் சிரித்துவிட்டாள். பிறகு கண் கலங்கியது.

"நான் ஹென்றிக்கிட்டைச் சொல்லப்போறன்."

"ஏன் தேவையில்லாமல்? விடியக் காலமை நித்திரை வரேல்லை, வாசிச்சன், கண்டன். அவ்வளவுதான். போய் வேலையைப் பாரும், அக்கா."

அவளைவிட இரண்டு மாதம் இளையவன். சீண்டும்போது மட்டும் அக்கா என்பான்.

அவள் சொன்னாள். ஹென்றிக் ஒரு கணம் அவளைப் பார்த்து, "சரி, தெரிந்துகொண்டேன்" என்றுவிட்டுத் திரைக்குத் திரும்பினார். மனதிலிருந்த பொய் இறங்கியது. பட்ட கடன் மட்டும் அப்படியே இருந்தது.

மே மாதம் கஜதீபனுக்கு வழக்காடும் தேர்வு வந்தது. வீபோர்க் நீதிமன்றத்தில் உண்மையான ஒரு வழக்கை அவன் நடத்த, நீதிபதி பார்த்து முடிவு சொல்வார். அதற்கு முதல்நாள் மத்தியானம் அவனுடைய அப்பா கனகசபையை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவன் போட்டது போட்டபடி ஓடினான். பின்னேரம் அழைத்தான்.

"யசி, என்ரை வழக்குக் கோப்பைக் கீழை வரவேற்பிலை வைச்சுவிடுவீரோ? காலமை வந்து எடுத்துக்கொண்டு போறன்."

"வைக்கிறன். அப்பா எப்பிடி?"

"கதைக்கிறார். நேர்சை ஏசுறார். அப்ப சுகம்தான்."

யசிந்தா அவனுடைய மேசைக்குப் போனாள். எதிர்த்தரப்பு கடைசி நேரத்தில் அனுப்பிய இரண்டு பக்கக் கடிதத்தை முப்பதாம் பக்கத்துக்குப் பிறகு சேர்த்து, செயலாளர் லோனே ஆவணத்தொகுப்பைப் புதிதாக அச்சிட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். அதன் பின்னாலுள்ள எண்களெல்லாம் இரண்டு இரண்டாகத் தள்ளிப் போயிருந்தன. கஜதீபனின் வாதக் குறிப்புகளிலோ, ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த பக்க எண்கள் பழையவை. "ஐம்பத்தேழாம் பக்கத்தைப் பாருங்கள்" என்று அவன் சொல்ல, நீதிபதியின் முன்னால் வேறெதுவோ விரிந்து கிடக்கும். ஒருமுறை தடுமாறினால் குரல் எப்படிப் போகும் என்று அவளுக்குத் தெரியும். அவளே நீதிபதி முன் நின்று அந்தத் தேர்வை முடித்தது போன இலையுதிர்காலத்தில்தான்.

தொலைபேசியை எடுத்தாள். தகப்பனின் கட்டிலருகே இருப்பவனிடம் இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? கீழே வைத்தாள்.

பேசாமல் கோப்பைக் கொண்டுபோய் வைத்துவிட்டால், நாளைக்கு அவன் தடுமாற, ஹென்றிக்கின் முடிவு சுலபமாகிவிடும். அந்த நினைப்பு வரவில்லை என்றால் பொய். வந்தது. சற்று நேரம் நின்றும் பார்த்தது. அம்மாவின் மாடிப்படியையும் காட்டியது. தீய நினைப்பு வருவது பாவமில்லை, அதற்கு இருக்கை கொடுப்பதுதான் பாவம். யசிந்தா அவனுடைய கதிரையில் தானே உட்கார்ந்து அழிறப்பரை எடுத்தாள்.

நாற்பத்தொரு எண்கள். ஒவ்வொன்றையும் தொகுப்பில் தேடி, சரிதானா என்று வாசித்து, பழையதை அழித்துப் புதியதை எழுதினாள். அவன் ஏழுக்கு நடுவில் கோடு கீறுவான். நான்கின் தலையை மூடமாட்டான். அவளும் அப்படியே எழுதினாள். கண் எரிந்தது. இடையில் ஒருமுறை வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தாள். வெளியே வெயில் இன்னும் குறையவில்லை. மாடியில் ஒருவரும் இல்லை.

கடைசி எண்ணை எழுதியதும் அழிறப்பர் துகள்களை உள்ளங்கையில் கூட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள். பென்சிலை அவன் வைத்திருந்த பக்கமே திருப்பி வைத்தாள். கீழே வரவேற்பு மேசையிலும் ஆளில்லை. கோப்பை அங்கே வைத்து, அது சரியாதபடி சுவரோடு சாய்த்துவிட்டு, ரயிலுக்கு நடந்தாள்.